முதல் பெரிய படைப்பை யாருக்கு எழுதுவது? ஒர்கெஸ்ட்ரா, குவார்டெட், கணினி, ஊர் ஆக்கள்

கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்கு ஓர்கன் வாசித்தோ, வயலின் பழகியோ, யூடியூப் பார்த்தோ, ஏதோ ஒரு வழியாக மேற்கத்திய இசையெழுத்துக்குள் வந்துவிட்ட பிள்ளைகள் சிலர் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஐந்து கோட்டில் எழுதுகிற ஸ்டாஃப் நொட்டேஷன் கைவந்திருக்கும், ஹார்மனி ஓரளவு விளங்கும், இரண்டு மூன்று நிமிடத் துண்டுகள் எழுதிப் பார்த்திருப்பார்கள். அதற்கு மேல் வருகிற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: பத்து நிமிடத்துக்கு உருப்படியாக ஒன்று எழுதப் போகிறேன், யாருக்கு எழுதுவது? முழு ஒர்கெஸ்ட்ராவுக்கா, ஸ்ட்ரிங் குவார்டெட் மாதிரி சிறு குழுவுக்கா, கணினியிலேயே செய்து முடிப்பதா, இல்லாவிட்டால் ஊரில் இருக்கிற ஆக்களை வைத்து எழுதுவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர் ஆக்கள். ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது, எப்போதும் பொருந்தாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆசை அதிகமாக இருக்கிற இடத்திலிருந்தே தொடங்குவோம். இளையராஜா 2025 மார்ச் 8ஆம் திகதி லண்டனில் ரோயல் பில்ஹார்மொனிக் ஒர்கெஸ்ட்ராவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு ஒர்கெஸ்ட்ரா ஆசை எங்கட பிள்ளைகளிடம் இன்னும் கூடியிருக்கிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் 1976இலிருந்து படங்களுக்கு எழுதிவந்தவர். எழுதியதை ஸ்டூடியோவில் வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் உடனுக்குடன் வாசிக்க, எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று காதால் கேட்டுக் கேட்டே அத்தனை வருடமும் போயிருக்கிறது. சிம்பொனியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அந்த வருடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அந்த ஸ்டூடியோ இல்லை. அதற்குப் பதிலாக எது இருக்கிறது என்பதுதான் இந்தத் தெரிவின் முழு விஷயமும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். மரக்காற்று வாத்தியங்கள் இரண்டிரண்டாக எட்டு, ஹோர்ன் நான்கு, ட்ரம்பெட் இரண்டு, ட்ரொம்போன் மூன்று, டியூபா ஒன்று, டிம்பனிக்கு ஒருவர், மற்றத் தாள வாத்தியங்களுக்கு இருவர், தந்திக்காரர் நாற்பது பேர். கூட்டினால் 61. இது பெரிய ஒர்கெஸ்ட்ராகூட இல்லை, நடுத்தரம். நிமிடத்துக்கு 72 தட்டு வேகத்தில், ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளக் கட்டத்துக்கு, நான்கு தட்டு என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 180 பார் வரும். எல்லா வாத்தியங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிற ஸ்கோரில் இருபது வரி இருந்தால், வரிக்கும் பாருக்கும் ஒன்றாக 3600 பெட்டி. அதில் வெறுமனே விடுகிற பெட்டிகளும் யோசித்து விட வேண்டியவைதான். அதே பத்து நிமிடம் குவார்டெட்டுக்கு என்றால் 720 பெட்டி. அப்புறம் பார்ட் எடுக்கிற வேலை, அதாவது வாசிக்கிறவருக்கு அவருடைய வரியை மட்டும் தனிப் பேப்பரில் எழுதுவது. காற்றுக்கும் தாளத்துக்கும் ஆளுக்கு ஒன்றாக 21, தந்திக்காரர் இரண்டு பேர் ஒரு தாங்கியைப் பகிர்வதால் அவர்களுக்கு 20, ஆக 41 பார்ட். ஒன்று ஆறு பக்கம் வந்தாலே 246 பக்கம் அச்சடிக்க வேண்டும். பி பிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும், எஃப் ஹோர்னுக்கு ஐந்தாம் சுரம் மேலே எழுத வேண்டும். இதில் ஒரு பார்ட்டில் சறுக்கினாலும் ஒத்திகையில் 60 பேர் சும்மா இருக்க ஒருவருடைய பேப்பரைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

வாசிக்கப் போவது யார்? இலங்கையில் நிலைத்து நிற்கிற ஒர்கெஸ்ட்ரா என்றால் கொழும்பில் 1958இல் தொடங்கிய சிம்பொனி ஒர்கெஸ்ட்ரா ஒஃப் ஸ்ரீலங்காதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், கோச்சியில் ஏறினால் ஒரு பகல் போய்விடும். தூரம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. முன்பின் கேள்விப்படாத ஒருவருடைய பத்து நிமிடப் படைப்புக்காக 61 பேரை ஒரு மணித்தியாலம் இருத்துவது லண்டனிலும் கஷ்டம், பேர்லினிலும் கஷ்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் ஸ்கோரை ஒர்கெஸ்ட்ரா ஒருமுறை வாசித்துக் காட்டுகிற அமர்வுகள் உண்டு. அதிலும் ஆளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்கு உள்ளே.

ஒர்கெஸ்ட்ராவால் மட்டுமே முடிகிற காரியம் உண்டு, அதை மறுக்க ஏலாது. பன்னிரண்டு வயலின் சேர்ந்து ஒரே சுரத்தை மெல்ல இழுக்கும்போது ஒவ்வொருவருடைய விரலும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்பதால் ஒரு பூச்சு வரும், அது ஒற்றை வயலினில் எந்தக் காலத்திலும் வராது. அந்தப் பூச்சுதான் உங்களுக்கு வேண்டும், அது இல்லாமல் உங்கள் யோசனையே இல்லை என்றால் ஒர்கெஸ்ட்ராவுக்கு எழுதுங்கள். ஆனால் மூன்று நிமிடம் எழுதுங்கள், பத்து வேண்டாம்.

கணினி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். இசை எழுதுகிற மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4 இலவசம், 2022 டிசம்பரில் வந்தது, அதோடு சேர்ந்து இறக்குகிற மியூஸ் சவுண்ட்ஸ் என்கிற ஒலித்தொகுப்பும் இலவசம், பழைய பதிப்புகளின் தகரச் சத்தத்தோடு ஒப்பிட்டால் எங்கேயோ இருக்கிறது. எழுதுகிற கருவியாக அதை விட வேறு எதற்கும் இப்போதைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதையே அரங்காக எடுத்துக்கொண்டால் அது பொய் சொல்லும். வயலினின் ஆகக் கீழான ஜி சுரத்தையும் அதற்கு மேலே உள்ள பி சுரத்தையும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு எழுதிப் பாருங்கள், கணினி மறுபேச்சில்லாமல் வாசிக்கும். உண்மையில் இரண்டும் ஜி தந்தியில்தான் இருக்கின்றன, ஒரு தந்தியில் இரண்டு சுரத்தை எந்த வித்துவானும் சேர்த்து வாசிக்க முடியாது. அதே மாதிரி, கணினிக்குள் மட்டும் புல்லாங்குழலின் அடிச்சுரங்கள் மூன்று ட்ரொம்போனுக்கு மேலே தெளிவாகக் கேட்கும், ஓபோக்காரர் மூச்சு விடாமல் நாற்பது பார் வாசிப்பார். படத்துக்கோ விளம்பரத்துக்கோ பின்னணி செய்கிற வேலைக்குப் போகப் போகிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும், அவர்கள் இதற்கு மேல் வாசிக்காமல் நல்ல ஒலித்தொகுப்பு எது என்று தேடலாம்.

குவார்டெட். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹைடன் காலத்திலிருந்து இன்றுவரைக்கும் எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்கிற இடம் இது. ஹங்கேரிக்காரர் பார்ட்டோக் எழுதிய ஆறு குவார்டெட்டையும் வரிசையாகக் கேட்டால், நாட்டார் பாட்டுகளைத் தேடிச் சேகரித்த ஒருவர் அவற்றை அப்படியே ஒட்டாமல், அவற்றின் தாளத்தையும் இடைவெளிகளையும் மட்டும் எடுத்து எப்படி வேறொன்றாக்கினார் என்பது விளங்கும். கூத்துப் பாட்டையும் தாலாட்டையும் வைத்து ஏதாவது செய்ய நினைக்கிற எங்கட பிள்ளைகளுக்கு அவரை விட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் எண்ணம். நாலு வரி மட்டும் இருப்பதால் ஒளித்துவைக்க இடமில்லை. மூன்றாவது வரி சும்மா நிரப்புகிறது என்றால் முதல் ஒத்திகையிலேயே வியோலாக்காரரின் முகத்தில் தெரிந்துவிடும்.

குவார்டெட்டுக்கு இன்னொரு பலம், அது எங்களுக்கென்றே இருக்கிற பலம். நால்வரும் விரலால் சுரத்தை நிறுத்துகிறவர்கள், பியானோ மாதிரி கட்டைகளுக்குள் அடைபட்டவர்கள் இல்லை. பியானோவின் பெரிய மூன்றாம் சுரம் 400 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), இயற்கையான 5:4 விகிதத்தில் அது ஏறத்தாழ 386. இந்த 14 சென்ட் இறக்கத்தை நல்ல குவார்டெட் ஒன்று கேட்டுக் கேட்டுத் தானாகவே சரிசெய்யும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ் நூலில் செய்ததும் இந்தக் கணக்குத்தான், பழைய பண்களின் சுரங்களை விகிதங்களாகப் பிடித்து, தந்தி நீளங்களோடு பொருத்திப் பார்த்தார். 1947இல் வெளிவந்த அந்த நூலைக் கல்லடியில் இருக்கிற அவர் பெயரிலான அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கிற பிள்ளைகள் பாடத்துக்காக மட்டும் தொடுவது எனக்குப் பெரிய மனவருத்தம். ஒரு பண்ணின் விகிதங்களை எடுத்து, நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதி, ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே எத்தனை சென்ட் ஏற்றம் இறக்கம் என்று குறித்துக் கொடுத்தால் உலகில் எந்த நல்ல குவார்டெட்டும் வாசிக்கும். அறுபது பேருக்கு இதை எழுதிக் கொடுத்து வாசிக்கவைப்பது வேறு கதை.

சிக்கல் எங்கே என்றால், ஊரில் வயலின் இருக்கிறது, வியோலாவும் செல்லோவும் தேட வேண்டும். யாராவது வைத்திருந்தாலும் எங்கட காற்றின் ஈரத்துக்கு ஒட்டு விடும், ஆணி வழுக்கும், நாலு மாதம் வாசிக்காமல் பெட்டியில் கிடந்தால் அதைத் திருத்தக் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே குவார்டெட் எழுதுவது என்றால் கொழும்புக்காரருக்கு எழுதுவது என்றுதான் அர்த்தம். நான்கு பேருக்குக் காசு கொடுத்து இரண்டு ஒத்திகையும் ஒரு பதிவும் செய்வது கஷ்டம், ஆனால் நடக்கக்கூடிய கஷ்டம். புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்கிற ஐவர் குழுவையும் இதே தட்டில் வைக்கலாம், 1912இல் இசையமைப்பாளர் ஷோன்பேர்க் ஒரு குரலோடு சேர்த்துப் பயன்படுத்தியதிலிருந்து அந்தச் சேர்க்கை புது இசைக்காரர்களின் வழக்கமான குழுவாகிவிட்டது, வெளிநாட்டு அழைப்புகள் பலவும் அதற்குத்தான் ஸ்கோர் கேட்கின்றன.

இனி ஊர் ஆக்கள்.

இப்படிச் சொன்னதும் சிலருக்கு முகம் சுருங்கும், ஏதோ இரண்டாந்தரமான ஒன்றுக்கு அனுப்புகிறேன் என்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் 1941 ஜனவரியில் ஜெர்மன் கைதி முகாம் ஒன்றில் அரங்கேற்றிய நால்வர் படைப்பில் கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ இருப்பதற்குக் காரணம் அந்த முகாமில் அவற்றை வாசிக்கிற ஆக்கள் இருந்தார்கள் என்பதுதான். முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில், 1918இல், பெரிய குழுவுக்கு வழியில்லாமல் ஸ்ட்ராவின்ஸ்கி ஏழு பேரை வைத்து ஒரு மேடைப்படைப்பு எழுதினார். இரண்டும் இன்றைக்கும் வாசிக்கப்படுகின்றன. எனக்கு இவற்றை விடப் பிடித்த உதாரணம் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958இல் எழுதிய நோவாவின் வெள்ளம் பற்றிய தேவாலய நாடகம். அதில் தொழில்முறைக் கலைஞர்கள் சிலர், மிச்சமெல்லாம் அந்தப் பகுதிப் பிள்ளைகள். வயலின் பகுதியை மூன்று தரமாகப் பிரித்து, இப்போதுதான் பழகத் தொடங்கிய பிள்ளைக்குப் பெரும்பாலும் விரல் வைக்கத் தேவையில்லாத திறந்த தந்திகளாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். மழைத்துளி விழுகிற இடத்துக்குக் கோப்பைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டச் சொல்கிறார். யாரிடம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேனையைத் தொட்டிருக்கிறார்.

எங்களிடம் என்ன இருக்கிறது? கர்நாடக முறையில் பழகிய வயலின்காரர்கள், மிருதங்கக்காரர்கள், புல்லாங்குழல். வடமோடி தென்மோடிக் கூத்துக்கு மத்தளமும் சல்லரி என்கிற கைத்தாளமும், பின்னால் நின்று வரியைத் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்காரர். பறைமேளம். கண்ணகி அம்மன் கோயில்களில் உடுக்கு. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் றபான் என்கிற தோல் வாத்தியத்தை அடித்து, பைத் என்கிற இஸ்லாமியப் பாட்டுகளைப் பாடுகிற பக்கீர்மார். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் வயலினும் கிற்றாருமாகக் கஃப்ரிஞ்ஞ என்கிற ஆட்ட இசை வாசிக்கிறவர்கள், ஆறெட்டு (6/8) தாளத்தில் அவர்கள் வாசிப்பதைக் கேட்டால் கால் தானாக ஆடும். அப்புறம் நாலு குரலில் பாடத் தெரிந்த கோயில் பாடகர் குழுக்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வியோலா இல்லையே என்று அழுவது சரியில்லை.

எல்லாரையும் ஒன்றாகப் போட்டுக் குழைக்கவும் வேண்டாம். ஐந்து அல்லது ஆறு பேர் போதும். அதில் இரண்டு பேராவது ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கிறவர்களாக இருக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் முறையிலேயே வாசிக்கட்டும்.

முதல் பிரச்சினை சுருதி. கிற்றார்காரர் ஏ 440 என்று வந்து நிற்பார், வயலின்காரர் எங்கட சுருதிக் கணக்கில் எத்தனை கட்டை என்று கேட்பார். இதை முதல் நாளே தீர்த்துவிட வேண்டும், ஒத்திகையில் தீர்க்கப் போனால் அன்றைய பின்னேரம் போய்விடும். என் ஆலோசனை 5 கட்டை, அதாவது ஜி. கர்நாடக வயலினை ச ப ச ப என்று கட்டுவார்கள். 5 கட்டையில் அது ஜி, டி, ஜி, டி ஆகிறது. மேற்கத்திய வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. பார்த்தீர்களா, தடித்த தந்தி இரண்டும் அப்படியே பொருந்துகின்றன, மெல்லிய இரண்டும் ஒரு முழுச் சுரம் மட்டும் கீழே. ஒரே மேடையில் இரண்டு வகை வயலினும் இருந்தால் இந்த ஒரு முழுச் சுர வித்தியாசத்தையே படைப்பின் விதையாக எடுத்துக்கொள்ளலாம்: ஒருவரின் திறந்த ஏயும் மற்றவரின் திறந்த ஜியும் உரசுகிற சத்தம் நன்றாக இருக்கும், விரலே தேவையில்லை. பெண் குரலுக்கும் 5 கட்டை வசதி. மிருதங்கக்காரரிடம் உயர் சுருதி மிருதங்கம் இருக்கிறதா என்று மட்டும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆதார சுருதி நின்றுகொண்டே இருப்பதால் நடுவில் சுருதி மாறி வேறிடத்துக்குப் போகிற மேற்கத்திய வழக்கம் இங்கே உதவாது. மிருதங்கம் ஜியில் நிற்கும்போது நீங்கள் டி பிளாட்டுக்குப் போனால் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். போகத்தான் வேண்டுமென்றால் அந்த இடத்தில் மிருதங்கத்தை நிறுத்திவிட்டு றபானையோ பறையையோ கொண்டுவரலாம், அவை இப்படி ஒரு சுரத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை.

இரண்டாவது, கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது. பல பேர் இங்கேதான் தோற்கிறார்கள். தோடி ராகத்தில் காந்தாரம் (மூன்றாம் சுரம்) ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் காந்தாரம். அதற்குக் கீழே கிற்றாரில் மைனர் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கிற சுரக்கூட்டு) ஒன்றை அழுத்திப் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழுக்காக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஃபியூஷன் செய்கிற எல்லாரும் மோகனம், ஹம்சத்வனி ராகங்களுக்கு ஓடுகிறார்கள், கீழே கீபோர்ட் கோர்ட், மேலே மோகனம், நடுவில் தபேலா, கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வேறு வழிகள் இருக்கின்றன. வயலின் அசைகிற இடத்தில் மற்றவர்கள் மூன்றாம் சுரத்தையே தொடாமல் ச, ப மட்டும் பிடிக்கலாம். அல்லது எதிர்ப்பக்கமாகப் போய், கிற்றாரில் அடுத்தடுத்த சுரங்கள் மூன்றை ஒன்றாகக் கொத்தாகப் பிடித்து, வயலினின் அசைவு அந்தக் கொத்துக்குள்ளேயே ஊர்ந்து திரிகிற மாதிரி எழுதலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும், கேட்கிறவர்கள் முதலில் கொஞ்சம் நெளிவார்கள், பரவாயில்லை.

மூன்றாவது, பேப்பர். கர்நாடக வயலின்காரருக்கு ஸ்டாஃப் பார்ட்டை நீட்டினால் மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொள்வார். சுரத்திலும் தாளத்திலும் எழுதிக் கொடுங்கள், ஆவர்த்தனக் கோட்டோடு, அதாவது தாளம் ஒரு சுற்று முடிகிற இடத்தில் கோடு போட்டு. நீங்கள் பார் எண் சொல்ல, அவர் ஆவர்த்தன எண் சொல்ல, ஒத்திகை குழம்பாமல் இருக்க இரண்டு பேப்பரிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்தைப் போடுங்கள், அ, ஆ, இ என்று. எல்லாரும் ஒரே கணக்கில் நகர வேண்டிய இடங்களைக் குறைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். போலந்துக்காரர் லூட்டோஸ்லாவ்ஸ்கி 1961இலிருந்து செய்தது இதைத்தான்: என்ன சுரம், என்ன வடிவம் என்பதை அவர் எழுதிவிடுவார், ஒவ்வொருவரும் எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்பதை அவர்களிடமே விட்டுவிடுவார், ஒரு சைகை வந்ததும் எல்லாரும் அடுத்த பகுதிக்குப் போவார்கள். 1964இல் அமெரிக்கரான டெரி ரைலி 53 சின்னச் சின்ன வரிகளை எழுதி, எந்த வாத்தியமும் எத்தனை பேரும் வாசிக்கலாம், ஒவ்வொரு வரியையும் விருப்பமான தடவை திருப்பி வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள் என்று விட்டார். ஆளுக்கொரு முறையில் பழகியவர்களை ஒன்றாக இருத்துவதற்கு இதை விட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கூத்துக்காரரோடு வேலை செய்வது தனி விஷயம். மத்தளக்காரருக்குப் பேப்பரே வேண்டாம். கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் போய், ஐயா, இந்த வரவுக்கு (பாத்திரம் மேடைக்கு வருகிற இடத்துக்கு) தாளக்கட்டைச் சொல்லித் தாங்கோ என்று கேட்டு, வாயால் சொல்வதை போனில் பதிந்து, வீட்டில் இருந்து மாத்திரை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவருக்குக் காட்டித் திருத்தப் போக வேண்டாம், திரும்ப அடித்துக் காட்டச் சொல்லி நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆட்டம் ஏற ஏற வேகம் கூடுகிற வழக்கம் அவர்களுக்கு, அதை மெட்ரோனோமுக்குள் கட்டிப்போடப் பார்த்தால் மத்தளத்தின் உயிர் போய்விடும். அந்த வேக ஏற்றத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மற்றவர்களை அதன் பின்னால் ஓடவிடுங்கள். கூத்தில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் சல்லரிக்காரர், அதனால் நடத்துனர் ஒருவர் நின்று கை வீசுவதை விட வயலின்காரரும் கிற்றார்காரரும் சல்லரியைப் பார்த்து வாசிப்பதே நன்றாக வரும்.

ஒரு வாத்தியத்துக்கு எழுதுவதும் ஒரு ஆளுக்கு எழுதுவதும் வேறு வேறு. இத்தாலியரான லூசியானோ பெரியோ 2002இல் தனிச் செல்லோவுக்கு எழுதிய படைப்பு, ஆர்டிட்டி குவார்டெட்டில் கால் நூற்றாண்டு வாசித்த ரொஹான் டி சேரத்துக்காகவே எழுதப்பட்டது. பெற்றோர் இலங்கையர், அவர் கண்டிய மேளமும் பழகியவர், அதனால் செல்லோவின் உடம்பில் விரலால் தட்டுகிற கண்டிய மேளத் தாளங்கள் அந்தப் படைப்புக்குள் வந்தன. உலகத்தின் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆளின் கையைப் பார்த்து எழுதியிருக்கிறார். எங்களுக்கு மத்தளக்காரர் பஸ்ஸில் ஏறினால் போய்ச் சேருகிற தூரத்தில் இருக்கிறார்.

இந்த வழிக்குக் குறைகளும் கனக்க இருக்கின்றன. ஸ்கோரை வேறெங்கும் அனுப்ப முடியாது, லிஸ்பனில் மத்தளக்காரர் கிடைக்கமாட்டார். போட்டி நடுவர்கள் பதிவைக் கேட்டுவிட்டு இது நாட்டார் இசை நிகழ்ச்சியா என்று யோசிக்கலாம். சவுண்ட் செட்காரர் வந்தால் எல்லாவற்றுக்கும் மைக் வைத்து எக்கோ போட்டு உங்கள் ஆறு மாத உழைப்பைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கி மாதிரி ஆக்கிவிடுவார், மைக் இல்லாமல் வைக்கக்கூடிய, உயரமான கூரை உள்ள இடமாகப் பாருங்கள். மின்விசிறி நிறுத்தப்பட வேண்டும், ஆகவே சனம் வியர்க்கும். இன்னொன்று, தயவுசெய்து படைப்புக்கு மட்டக்களப்பின் அடையாளமான பாடும் மீன் என்று பெயர் வைக்க வேண்டாம், கல்லடிப் பாலத்துக்குக் கீழே அது தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கட்டும்.

பாடகர் குழுவைப் பற்றி மட்டும் தனியாக இரண்டு வார்த்தை. இருபது பேர் நாலு வரியைத் தனித்தனியாகப் பிடித்து நிற்கிற ஒரே குழு எங்கள் பக்கத்தில் அதுதான், வாத்தியச் செலவும் இல்லை. புளியந்தீவிலோ தாண்டவன்வெளியிலோ ஒரு குழுவோடு நட்பாகிவிட்டால் வாராவாரம் உங்கள் ஹார்மனி நிற்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். முழுப் படைப்பாகவே எழுதலாம், அல்லது ஆறு பேர் குழுவுக்குப் பின்னால் பிற்பாட்டுக்காரர் மாதிரி நிறுத்தலாம். கிறிஸ்மஸ் பாட்டுக்கு மட்டும் அவர்களைத் தேடுகிற வழக்கத்தை விட்டால் போதும்.

அப்போ யார் எதை எடுப்பது? வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் என்றால் யோசிக்க வேண்டாம், குவார்டெட். தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் ஸ்கோரைப் புரட்டிப் பார்த்துச் சட்டென்று எடைபோடக்கூடியது அது. ஏழு எட்டு நிமிடம், நல்ல பதிவு, செலவைச் சேர்க்க ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஒர்கெஸ்ட்ரா ஸ்கோர் ஒன்றை எழுதிக் கணினிக்குள் வைத்துக்கொண்டு யாருமே வாசிக்கவில்லை என்று கவலைப்படுகிறவர் என்றால், அதில் ஆகச் சிறந்த மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்து ஊரில் உள்ள ஆறு பேருக்கு மாற்றி எழுதிப் பாருங்கள், ஒர்கெஸ்ட்ராவின் சத்தத்துக்குப் பின்னால் உண்மையில் எத்தனை யோசனை இருந்தது என்று தெரியும். இந்த இரண்டும் இல்லாத மற்ற எல்லாருக்கும் என் பதில் ஊர் ஆக்கள்தான், காரணம் ஒன்றே ஒன்று: எழுதிய கிழமையே கேட்கலாம், பிழையென்றால் அடுத்த கிழமை மாற்றலாம், அடுத்த படைப்புக்கும் அவர்களே இருப்பார்கள்.

காசு விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். பஸ் காசும் சாப்பாடும் முதல் ஒத்திகையிலிருந்தே கொடுங்கள், நிகழ்ச்சிக்கு என்ன தருவீர்கள் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வயலின்காரருக்கு ஒரு தொகையும் மத்தளக்காரருக்குக் குறைந்த தொகையும் என்று பிரித்தால் அது மூன்றாம் ஒத்திகைக்குள் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு ஒத்திகை நடக்காது.

நாளும் பார்க்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் மழையும் வெள்ளமும், ஆக்களை ஒன்றுசேர்க்க முடியாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம், அதற்கு முன்னுக்கே திருவிழாக்கள் தொடங்கிவிடும், மிருதங்கக்காரரும் நாதஸ்வரக்காரரும் கையில் அகப்படமாட்டார்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் எழுதியதை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், மாசி பங்குனியில் கிழமைக்கு ஒருமுறை ஒத்திகை பார்த்து, சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு ஒரு சனிக்கிழமை பின்னேரம் வைத்துவிடுங்கள். வைகாசிக்குத் தள்ளினால் கண்ணகி அம்மன் கோயில்களில் குளுத்திச் சடங்கு தொடங்கிவிடும், உடுக்கு அடிக்கிறவர் உங்களிடம் வரமாட்டார், வரச் சொல்லிக் கேட்கவும் கூடாது.